வெள்ளவத்தைக் கொள்வனவு வகுப்பு: கணக்கு சரி, நாட்காட்டி பிழை

புடவைக் கடை, ரெடிமேட் கடை முதலாளிமாருக்கும் அங்கே ஸ்டொக் பார்க்கும் பிள்ளைகளுக்குமான ஆறு வார ஞாயிறு வகுப்பு. விளக்கம் தமிழில், தாள்கள் எக்செலில்.

மூன்றாம் வாரத்துக்காகவே காசு கட்டலாம். இந்த மாதம் எவ்வளவுக்குச் சாமான் எடுக்கலாம் என்ற ‘ஓப்பன் டு பை’ கணக்கு அன்றுதான். எதிர்பார்க்கும் விற்பனை 40 இலட்சம் ரூபா, விலைக்கழிவில் போகும் 3 இலட்சம், மாதக் கடைசியில் இருக்கவேண்டிய இருப்பு 60 இலட்சம். மூன்றையும் கூட்டி, தொடக்க இருப்பு 70 இலட்சத்தையும் ஓடர் போட்டு இன்னும் வராத 15 இலட்சத்தையும் கழித்தால் மிச்சம் 18 இலட்சம். எல்லாம் விற்கிற விலையில். அதில் 40 வீதம் இலாபம் என்றால் வாங்கக்கூடியது 10 இலட்சத்து 80 ஆயிரத்துக்குத்தான். 18 இலட்சத்தையும் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கொட்டினால் இறாக்கையில் 30 இலட்சத்துச் சாமான் ஏறும், 12 இலட்சம் கூடுதல். இந்த இடத்தில் எல்லாரும் வழுக்குவார்கள் என்று தெரிந்து திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள கடை அந்த 18 வீத வரியை நீக்கிவிட்டே விற்பனையை எழுதவேண்டும் என்பதை மட்டும் வாயால் சொல்லிப் போகிறார்கள். தாளில் அதற்கு இடமில்லை.

மறு ஓடர் பாடம் சறுக்கல். மாதத்தில் 60 சேர்ட் விற்றால் நாளுக்கு 2, சாமான் வர 14 நாள், ஆகவே இருப்பு 28க்கு இறங்கியதும் ஓடர் என்கிறார்கள். அந்தச் சேர்ட் 20 நாள்தான் கடையில் இருந்தது என்றால்? நாளுக்கு 3, 42இலேயே ஓடர் போடவேண்டும், தாமதத்துக்கான காப்பிருப்பு அதற்கு மேல். முடிந்துபோன சாமானைப் போகாத சாமானாக எண்ணும் தாள், நன்றாக ஓடுவதைத்தான் குறைத்து வாங்கச் சொல்லும். பில் மெஷினில் இருப்பு 0 ஆன திகதி கிடக்கிறது, எடுத்துப் போட ஒரு நிரல் போதும்.

பெரிய குறை நாட்காட்டி. போன ஒக்டோபரை இந்த ஒக்டோபரோடு ஒப்பிடுகிறார்கள். தீபாவளி 2025இல் ஒக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன வருடக் கணக்கில் வாங்கினால், 19 நாள் முந்தி வந்திறங்கிய புடவைக்குக் கொடுத்த பின்திகதிச் செக், கல்லாவில் காசு விழுமுன் வங்கிக்குப் போய்விடும். நோன்புப் பெருநாளோ வருடா வருடம் 10, 11 நாள் முன்னே நகரும். சித்திரை வருடப்பிறப்போ ஏப்ரல் நடுவில் அசையாமல் நிற்கிறது. மாதப் பெயரைத் தூக்கிவிட்டு ‘தீபாவளிக்கு 6 வாரம், 5 வாரம்’ என்று பின்னோக்கி எண்ணினாலே தாள் சரியாகிவிடும். கொழும்பில் புடவை வியாபாரத்துக்கென்று நடத்தும் வகுப்பில் இது விடுபட்டது ஆச்சரியம்தான்.

ஐந்தாம் வாரம் அளவு, நிறம் வாரியாகப் பிரிப்பது. அதற்கு ஒரு வருடத்து விற்பனை உருப்படிவாரியாக வேண்டும். பில் புத்தகத்தில் ‘சேர்ட் 1’ என்று மட்டும் எழுதிவரும் கடைக்காரர் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.