பிள்ளையின் மகரந்த அலர்ஜிக்கு சிரப்பா, மூக்கு ஸ்ப்ரேயா?

மகரந்த சீசன் வந்தாலே அடுக்குத் தும்மல், ஒழுகும் மூக்கு, கசக்கிக் கசக்கிச் சிவந்த கண்கள் என்று இருக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்கள் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, தினமும் குடிக்கக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப். இன்னொன்று, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. நாங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு மகளுக்கு ஸ்ப்ரே பக்கம் போய்விட்டோம். அதனால் இது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

சிரப்பின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இனிப்பாக இருக்கும், சண்டை இல்லாமல் உள்ளே போகும், ஒரு மணி நேரத்துக்குள் தும்மலும் அரிப்பும் அடங்க ஆரம்பிக்கும். ஆனால் எந்தச் சிரப் என்று பார்க்க வேண்டும். குளோர்ஃபெனிரமின் மாதிரியான பழைய ரகம் மூளைக்குள் போய்த் தூங்க வைத்துவிடும், சில பிள்ளைகளை நேர்மாறாக ஆட்டம் போட வைக்கும். புது ரகங்களில் செட்ரிசின் சிலருக்கு லேசாகத் தூக்கம் தரும் என்பதால் இரவில் கொடுப்பார்கள். ஃபெக்ஸோஃபெனடினில் தூக்கத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் அதை ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸோடு கொடுத்தால் உடம்பில் ஏறும் அளவு குறைந்துவிடும். வெறும் தண்ணீர்தான் சரி.

சிரப் தோற்கும் இடம் மூக்கடைப்பு. தும்மல், அரிப்பு, ஒழுகல் இதெல்லாம் பெரும்பாலும், அலர்ஜி வந்தால் உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருள் செய்யும் வேலை, அதைத் தடுத்தால் போதும். மூக்கின் உள்சுவர் வீங்கி அடைத்துக்கொள்வது அதோடு முடிவதில்லை, அதன் பின்னால் வேறு பல அழற்சிப் பொருள்களும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் தும்மல் பெரிய பிரச்சினையே இல்லை. இரவெல்லாம் வாயைத் திறந்து மூச்சு விட்டு, குறட்டை விட்டு, அரைகுறையாகத் தூங்கி எழுந்து, காலையில் எதற்கெடுத்தாலும் அழுகை. உள்ளங்கையால் மூக்கைக் கீழிருந்து மேலே தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரியான ஸ்ப்ரேதான் நன்றாகக் கேட்கும். அது அந்த வீக்கத்தையே குறைக்கிறது.

ஸ்டீராய்டு என்றதும் பாட்டி, தாத்தா எல்லோரும் பதறுவார்கள், நியாயம்தான். இந்த இரண்டு மருந்தும் மூக்கிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். ஆனாலும் சிலருக்கு உயரம் கூடும் வேகம் சற்றுக் குறையலாம் என்பதால் கணக்கில்லாமல் அடிக்க முடியாது. அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் ஃப்ளூட்டிகசோன் பாட்டிலிலேயே, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் 2 மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் போட்டிருக்கும். சீசன் மட்டும், குறைந்த அளவு, நடுநடுவே உயரம் அளப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். வருஷம் முழுக்க அடிக்க வேண்டிய பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துப் பேச முடியாது.

இனி முக்கியமான விஷயம். ஸ்ப்ரே வேலை செய்யுமா செய்யாதா என்பது பாதிக்கு மேல் நம் கையில் இருக்கிறது. சிரப்பை எப்படி ஊற்றினாலும் வயிற்றுக்குத்தான் போகும், ஸ்ப்ரே அப்படி இல்லை. முதலில் பிள்ளை மூக்கைச் சிந்த வேண்டும். பாட்டிலைக் குலுக்கி, புதிதாக இருந்தால் வெளியே அழுத்திப் புகை மாதிரி சாரல் வரும்வரை பார்க்க வேண்டும். தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது, லேசாகக் குனிய வேண்டும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை என்று மாற்றிப் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். இரண்டு துளைக்கும் நடுவே இருக்கும் சுவரில் நேராக அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும், 'ஸ்ப்ரே ஒத்துக்கவில்லை' என்று பலர் விடுவது இதனால்தான். அப்புறம், பூவை முகர்கிற அளவுக்குத்தான் உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும், பிள்ளை முகத்தைச் சுளிப்பதிலேயே தெரிந்துவிடும். சில ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேக்களில் ரோஜா மாதிரி ஒரு வாசனை வரும், மகளுக்கு அது பிடிக்கவே இல்லை. வாசனை இல்லாத ஒன்றை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகு பாதிச் சண்டை ஓய்ந்தது.

தினமும் அடிப்பதுதான் இன்னும் கஷ்டம். முழுப் பலன் தெரியச் சில நாள், சில பிள்ளைகளுக்கு 2 வாரம்கூட ஆகும். தும்மல் வந்த அன்று அடித்துவிட்டு, நின்றதும் மறந்துவிடுகிற வீட்டுக்கு இது சரிப்படாது, சிரப்பே மேல். முடிந்தால் சீசனுக்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நாங்கள் பாட்டிலைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துவிட்டோம், திறந்த தேதியையும் அதன் மேலேயே எழுதினோம். இத்தனை முறைதான் என்று போட்டிருக்கும் கணக்கு முடிந்த பிறகும் சாரல் வரும், ஆனால் மருந்தின் அளவு சரியாக இருக்காது.

எப்போதாவது மட்டும் தும்மும் பிள்ளை, அடைப்பே இல்லாமல் அரிப்பு மட்டும் இருக்கும் பிள்ளை, மூக்கைத் தொட்டாலே அலறும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் சிரப்தான். 2 வயதுக்குக் கீழே எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். கண் ரொம்ப அரித்தால் அதற்கென்று அலர்ஜி சொட்டு மருந்து தனியாக உண்டு.

உடனே அடைப்பைத் திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்தை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். சில நாளுக்கு மேல் போட்டால் முன்பைவிட மோசமாக அடைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகவும் ஆகாது. அலர்ஜிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மாண்டெலுகாஸ்டை யாராவது சொன்னால், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனநிலை மாற்றங்கள் பற்றி அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட வைத்ததையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது இரண்டுக்குமே நல்ல துணை, ஸ்ப்ரேக்கு முன்னால் கழுவினால் இன்னும் நல்லது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது.

மூச்சில் விசில் சத்தம், இரவு இருமல், காய்ச்சல் இருந்தால் சிரப்பா ஸ்ப்ரேயா என்று யோசிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தாலும் அப்படித்தான். சின்னப் பிள்ளை என்றால் உள்ளே ஒரு பாசிமணி உட்கார்ந்திருக்கலாம்.