டயல் ஷோர் ஏ மீட்டர்: ரப்பர் லேபில் புதிதாகச் சேருபவர் வாங்கலாமா?

ரப்பர் கம்பெனியில் டிரெய்னியாகச் சேரும் பட்டதாரியிடம் ரப்பர் வேகும் போக்கை அளக்கும் ரியோமீட்டரையோ, இழுத்து வலிமை பார்க்கும் டென்சைல் மெஷினையோ எடுத்த எடுப்பில் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் இந்த ஷோர் ஏ ஹார்ட்னஸ் மீட்டர்தான். அடியில் நீட்டி நிற்கும் ஸ்பிரிங் ஊசியை ரப்பரில் அழுத்தினால், ரப்பரின் கடினத்தை டயலின் முள் 0 முதல் 100 வரையிலான எண்ணாகக் காட்டும். சொந்தமாக ஒன்று வாங்குவது வீண் செலவு அல்ல; சோதித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தரத்தில் பிடித்தால் முள் 0, கண்ணாடியில் அழுத்தினால் 100. இதைக் காட்டியே பல கடைகளில் விற்றுவிடுகிறார்கள். இதில் தெரிவது ஊசி 2.5 மி.மீ. வெளியே நிற்கிறது என்பது மட்டும்; ஸ்பிரிங் நிலைமை தெரியாது. அதற்கு டிஜிட்டல் தராசு வேண்டும். மீட்டரின் அடிப்பாகம் தட்டில் படாமல், ஊசி மட்டும் ஒரு சிறு உலோகத் துண்டின் மேல் இறங்கும்படி நேராக அழுத்துங்கள். முள் 50க்கு வரும்போது தராசில் சுமார் 438 கிராம் இருக்க வேண்டும். அங்கிருந்து முள் ஒரு புள்ளி ஏறினால் ஏறக்குறைய 7.6 கிராம் கூடும், இறங்கினால் அவ்வளவு குறையும். 20 கிராம் தள்ளிப் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டர் சரியாக இருந்தும் எண் தப்பாக வந்தால், சாம்பிளைப் பாருங்கள். தடிமன் குறைந்தது 6 மி.மீ. வேண்டும்; டென்சைலுக்கு வார்த்த 2 மி.மீ. ஷீட் மூன்றை அடுக்கலாம், இடையில் காற்று நின்றால் எண் இறங்கும். ஒற்றை ஷீட்டை மேஜைமேல் வைத்துப் பார்த்தால் மேஜையின் கடினமும் சேர்ந்து எண் ஏறும். விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே தள்ளி, 6 மி.மீ. இடைவெளியில் ஐந்து இடம் பார்த்து நடு மதிப்பை எழுதுங்கள். ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் பிரஸ்ஸிலிருந்து சூடாக எடுத்ததில் பார்த்த எண் சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆகாது. 16 மணி நேரமாவது ஆற வேண்டும்.

அழுத்திய பிறகும் ரப்பர் மெல்ல விட்டுக்கொடுக்கும், முள் இறங்கிக்கொண்டே வரும். அதனால் அழுத்தி எத்தனை நொடியில் எண்ணைப் படிப்பது என்பதைச் சோதனைத் தரங்களே சொல்கின்றன. ஐஎஸ்ஓ 48-4 என்ற தரத்தின்படி வல்கனைஸ் செய்த (சூட்டில் வேகவைத்து இறுக்கிய) ரப்பருக்கு 3 நொடி. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி2240இல் வழக்கமாக 1 நொடி. வாடிக்கையாளர் டிராயிங்கில் 60±5 என்று போட்டிருந்தால், எல்லையோரப் பேட்ச் ஒன்று பாஸாவதும் ரிஜெக்ட் ஆவதும் இந்த இரண்டு நொடியில் மாறிப்போகும். நேரத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

உச்ச எண்ணில் நின்றுவிடும் இரண்டாவது முள்ளுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். படக்கென்று குத்தினால் அந்த அதிர்ச்சியையும் சேர்த்தே அது காட்டும். அந்தப் பணத்தை 1 கிலோ எடையுள்ள ஸ்டாண்டில் போடுங்கள். கையால் அழுத்தும்போது ஆளுக்கு ஒரு எண் வரும் தொல்லை பாதி குறையும். எண் 90க்கு மேல் போனால், கூடுதல் கடினமான பொருளுக்கான ஷோர் டி மீட்டர் தேவை. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டுமே செய்யும் கம்பெனியில் சேருபவர் இதை வாங்கவே வேண்டாம்: மெல்லிய வளைந்த பரப்பில் இந்த ஊசி சரியாக உட்காராது, அங்கே சிறிய, மெல்லிய சாம்பிளுக்கென்றே இருக்கும் மைக்ரோ ஐஆர்எச்டி என்ற கடின அளவுக் கருவிதான் வேலைக்கு ஆகும்.