காகிதத்தில் ஒரு நுண்ணோக்கி: மூன்றாம் வகுப்பு மகளுடன் ஃபோல்ட்ஸ்கோப்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், அச்சிட்ட தாளை மடித்து, சிறு மணி போன்ற வில்லையைப் பொருத்தி நாமே செய்துகொள்ளும் நுண்ணோக்கி. பொருளை ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், வெங்காயத்தின் உட்புறத்திலிருந்து உரித்த மெல்லிய தோலை ஒரு சொட்டுத் தண்ணீருடன் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதை ஃபோல்ட்ஸ்கோப்பில் செருகி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துத் தாளை மெல்ல நகர்த்தியபோது, செங்கல் சுவர்போல் அடுக்கியிருந்த செல்களைக் கண்டு, "அம்மா, யாரோ சுவர் கட்டியிருக்காங்க!" என்றாள். பாடநூலில் படமாக மட்டும் பார்த்ததைத் தானே தேடிக் கண்டுகொண்ட அந்த மகிழ்ச்சிக்காகவே இதை வாங்கலாம். முதன்முறை மடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. காந்தத்தின் உதவியால் கைபேசிக் கேமராவில் பொருத்திவிட்டால், வகுப்பில் பலரும் ஒன்றாகப் பார்க்க முடியும். அடுத்ததாகக் குளத்து நீரைப் பார்க்கவிருக்கிறோம்.