ராணுவத்துக்காரர் வீட்டுக் கறுப்புப் பெட்டி: காசு கொடுத்து வாங்கலாமா?

வீட்டுக்காரருக்கு செகந்திராபாத்திலிருந்து அம்பாலாவுக்கு போஸ்டிங் ஆர்டர் வந்தபோது எங்களிடம் மூன்று கறுப்புப் பெட்டிகள் இருந்தன. மூன்று போதாது, இன்னும் மூன்று வாங்கிவிடு என்று கீழ்வீட்டு அக்கா சொன்னார். எனக்கு மனசே இல்லை. இந்தக் காலத்தில் போய் யாராவது தகரப் பெட்டி வாங்குவார்களா, பேக்கர்ஸ்காரர்கள் அட்டைப் பெட்டியோடு வந்து எல்லாவற்றையும் அவர்களே கட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், நாம் கையை வீசிக்கொண்டு ரயில் ஏறலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பாதி பாதி என்று முடிவானது. ஆறு பெட்டி, மீதிக்குப் பதினான்கு அட்டைப் பெட்டி. அம்பாலாவுக்கு வந்து ஒரு மாதம் முடிந்துவிட்டது, இப்போது எழுதினால்தான் சரியாக இருக்கும்.

பெட்டி என்றால் எது என்று ராணுவக் குடும்பத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்து, கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே வெள்ளை எழுத்தில் ஆள் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், எங்கிருந்து எங்கே என்று எழுதியிருக்கும் இரும்பு டிரங்கு. கன்டோன்மெண்ட் ரயில் நிலைய நடைமேடைகளில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் இருந்த மூன்றில் ஒன்று மாமனாருடையது. அவரும் ராணுவத்தில் இருந்தவர், 1980களில் வாங்கிய பெட்டி அது. ஒவ்வொரு மாற்றலுக்கும் பழைய ஊர்ப்பெயரின் மேல் கறுப்பு அடித்து புது ஊரை எழுதி எழுதி, பெயின்ட் மட்டுமே ஒரு தோல் மாதிரி தடித்துக் கிடக்கிறது. ஒரு மூலையில் பெயர்ந்த இடத்தில் "ஜ" என்று ஒரே ஒரு எழுத்து தெரிகிறது. ஜம்முவா, ஜலந்தரா, ஜபல்பூரா என்று கேட்டேன், மூன்றிலும் இருந்திருக்கிறேன் என்கிறார்.

புதிய மூன்றையும் செகந்திராபாத்தில் ஒரு கடையில் வாங்கினேன். ஒன்று 36 அங்குல நீளம், 22 அகலம், 18 உயரம். தகட்டின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம், நம்பர் குறைந்தால் தகடு தடிமன், நம்பர் கூடினால் மெலிசு. 26 என்று கேட்டதும் பெரிய நம்பர், நல்ல பெட்டி என்று தலையாட்டிவிட்டு வரக்கூடாது. நான் 22 கேட்டு, கடைக்காரரும் 22 என்றுதான் சொன்னார், பக்கத் தகடும் மூடியும் அப்படித்தான் இருந்தன. அடித் தகட்டை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் கட்டைவிரலால் அழுத்தினாலே டொக் என்று உள்ளே போய் வெளியே வருகிறது. அடியில் மட்டும் மெலிசுத் தகடு போட்டிருக்கிறார்கள். கண்ணில் படாத பக்கம், ஆனால் முழு பாரமும் அங்கேதான். நீங்கள் வாங்கும்போது பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்திப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெயின்ட் விஷயமும் அப்படித்தான். கடையிலேயே பளபளவென்று கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள், காய்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் துணி அடுக்கினேன். பையனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டு போயின. குறைந்தது ஒரு வாரம் மூடியைத் திறந்து வெயிலில் போட்டுவிட்டு, உள்ளே பழைய வேட்டியோ செய்தித்தாளோ விரித்து, அப்புறம்தான் துணி வைக்கவேண்டும். மாமியார் போனில் இதைக் கேட்டுவிட்டு, என்னை முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருக்கலாம்தான்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். காலிப் பெட்டியே பதினாறு, பதினேழு கிலோ இருக்கிறது. ஆறுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட நூறு கிலோ வெறும் இரும்பு. என் வீட்டுக்காரர் ஹவில்தார், அவருடைய நிலைக்கு 3000 கிலோ வரை சாமான் கொண்டுபோக அனுமதி உண்டு என்பதால் எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. நாயக், சிப்பாய் நிலையில் அதில் பாதிதான், 1500 கிலோ, அங்கே நூறு கிலோ என்பது யோசிக்கவேண்டிய கணக்கு. செலவுக்கு மாற்றல் மானியம் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் வருகிறது, அதில் பெட்டிக் காசு ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். ஆனால் புது ஊரில் முதல் மாதம் அந்த மானியத்தின் மேல் கண் வைத்துக் காத்திருக்கும் செலவுகள் எத்தனை என்று எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

சரி, பயணம். சாமான் லாரியில் போக, நாங்கள் நான்கு பேரும் தெலங்கானா எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து வேறு வண்டியில் அம்பாலா. கையோடு மாமனார் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம், அது சின்னது, பெர்த்துக்குக் கீழே நுழையும். அதில் என்ன வைப்பது என்று எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. அவர் சான்றிதழ், ஃபைல், யூனிஃபார்ம் என்றார். நான் வைத்தது: இண்டக்‌ஷன் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர், அதற்குள்ளே பருப்பும் ரசப்பொடியும், ஒரு வாணலி, நான்கு தட்டு, எக்ஸ்டென்ஷன் போர்டு, இரண்டு பல்பு, ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், ஒரு பொட்டலம் ஆணி, ஜன்னலுக்குக் கட்ட இரண்டு பழைய புடவை, நைலான் கயிறு, பிளாஸ்டிக் மக். மேலே அவருடைய ஃபைல்களும் பிள்ளைகளின் டிசியும். இந்தப் பட்டியலில் இன்றைக்கும் ஒன்றைக்கூட மாற்றமாட்டேன், ஆனால் ஒரு ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வையை, சேர்த்திருப்பேன்.

ஏனென்றால் நாங்கள் இறங்கியது டிசம்பர் கடைசி. பனிமூட்டம் என்றால் ஏற்காடு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். நடைமேடையின் அடுத்த முனை தெரியவில்லை. ரஜாய் இரண்டும் நாலாம் நம்பர் பெட்டியில், நாலாம் நம்பர் பெட்டி லாரியில், லாரி எங்கே இருக்கிறது என்று அந்த கம்பெனிக்காரர்களுக்கே தெரியவில்லை. ஐந்து நாளில் வந்துவிடும் என்றவர்கள் பதினோராம் நாள்தான் கொண்டுவந்தார்கள். கேட்டால் பனிமூட்டம். பனி உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நடுவில் நாக்பூரில் வேறு யாருடைய சாமானையோ இறக்கி ஏற்றிய கதை டிரைவர் வாயிலிருந்து வந்ததே, அதற்கு எந்தப் பனி காரணம்? இதில் ஒரு வேடிக்கை, எங்கள் ஊர் தருமபுரி பக்கம், ஊரை ஒட்டிப் போகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஹைதராபாத், நாக்பூர், டெல்லி வழியாக அம்பாலாவுக்கும் வருகிறது. ஒரே ரோடு. அதில் ஒரு லாரியைத் தொலைக்க இவர்களால் முடிந்திருக்கிறது.

முதல் ஐந்து நாள் டிரான்ஸிட் அறை. ஆறாம் நாள் குவார்ட்டர்ஸ் கிடைத்து மார்ச் இன் செய்தோம், அதாவது ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்இஎஸ் ஆள் வந்து ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை, ஜன்னல் கண்ணாடி எத்தனை என்று எண்ணிக் கொடுக்க நாம் கையெழுத்துப் போடுவது. வாஷ்பேசினில் முடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது, அதை எழுதவைத்துவிட்டுத்தான் கையெழுத்து போட்டார் என் வீட்டுக்காரர், இல்லாவிட்டால் மார்ச் அவுட் அன்றைக்கு அந்த விரிசல் நம் தலையில் விழும். புதிதாகக் கல்யாணமாகி வரும் தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து பாருங்கள்.

ஆக, ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை இரண்டு அறை, ஒரு சமையலறை, அதற்குள் நாங்கள் நாலு பேரும் மாமனார் பெட்டியும். காலையில் அதன்மேல் இண்டக்‌ஷன் வைத்துச் சமையல். துடைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜை. மத்தியானம் பெண்ணுக்கு எழுதும் மேஜை, கேந்திரிய வித்யாலயாவில் மாற்றிச் சேர்க்கும் வேலை சுலபமாக முடிந்தாலும் பாதி வருஷத்தில் வந்ததால் நோட்டு முழுக்க எழுதவேண்டியிருந்தது அவளுக்கு. சாயங்காலம் யாராவது பார்க்க வந்தால் அவர்களுக்கு நாற்காலி. கேஸ் இணைப்பு மாறி சிலிண்டர் வீட்டுக்கு வர இரண்டு வாரம் ஆனது, அதுவரை அடுப்படி மேடையே அதுதான். இரும்புப் பெட்டிமேல் நேராக இண்டக்‌ஷனை வைக்காதீர்கள், அடியில் ஒரு பலகை வேண்டும். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்கவேண்டாம். ரஜாய் எதிர்வீட்டு பஞ்சாபி அம்மா கொடுத்தார், கூடவே ஒரு தூக்கு நிறைய டீயும்.

பதினோராம் நாள் லாரி வந்தது. ஐந்து பெட்டியும் அப்படியே இருந்தன. ஒன்றில் மூலை நசுங்கி, ஒன்றில் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல், உள்ளே இருந்த கண்ணாடிச் சாமான், சாமி படம், ரஜாய்க்குள் சுற்றிவைத்த பீங்கான் தட்டு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அட்டைப் பெட்டி பதினான்கில் நாலு அடியில் ஈரம் ஊறிப் பிய்ந்திருந்தன, தூக்கினால் அட்டை கையோடு வந்தது, சாமான் தரையில் நின்றது. மிக்ஸி ஜார் உடைந்துவிட்டது. சமையலறை என்று எழுதிய பெட்டிக்குள் செருப்பு. அட்டைப் பெட்டி காலியானதும் குப்பை, இரும்புப் பெட்டி காலியானதும் கட்டில், அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே உயரமுள்ள மூன்று பெட்டியைச் சேர்த்துப் போட்டு மேலே மெத்தை விரித்தால் திவான், அதன்மேல் சோலாப்பூர் போர்வை போட்டுவிட்டால் கீழே இருப்பது பெட்டி என்று வருகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் புதிதாக வாங்கும்போது உயரத்தை அளந்து ஒரே மாதிரி வாங்கவேண்டும். நான் வாங்கிய மூன்றாவது அரை அங்குலம் கூடுதல், அந்த இடத்தில் படுக்கிற பையன் தினமும் புகார் சொல்கிறான்.

குறைகள் நிறைய இருக்கின்றன. மூடியை நிறுத்திவைக்கத் தாங்கி கிடையாது, சுவரில் சாய்த்துவைக்காவிட்டால் விரலில் விழும். பெட்டிமுனை தரை டைல்ஸைக் கீறும், அதுவும் மார்ச் அவுட் கணக்கில் வரும், நாங்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் ஒட்டியிருக்கிறோம். ராத்திரி குளிர் ஏற ஏற தகடு சுருங்கி டங் என்று ஒரு சத்தம் கொடுக்கும், முதல் வாரம் திருடன் என்று எழுந்து உட்கார்ந்தேன். இங்கே விமானப்படைத் தளம் வேறு, 2020 ஜூலை 29 அன்று முதல் ஐந்து ரஃபேல் வந்து இறங்கியது இந்த அம்பாலாவில்தான், ஜெட் மேலே போனால் பூட்டாத கொண்டி ஆறும் சேர்ந்து தாளம் போடும். பிளாஸ்டிக் பெட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஆனால் அதன்மேல் நாலு பேர் உட்கார முடியாது.

இன்னொன்று, பெட்டி நம்பரும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஒரு நோட்டில் இருக்கவேண்டும், மூடியின் உள்பக்கமும் ஒட்டவேண்டும். வெளியே எழுதாதீர்கள், வழியில் எல்லோரும் படிக்கவேண்டிய விஷயமில்லை அது. சாவிகளில் ஒரு செட் கணவரிடம், ஒரு செட் உங்களிடம். எங்கள் இரண்டு செட்டும் ஒரே கைப்பையில் இருந்தன, அந்தக் கைப்பை ஐந்தாம் நம்பர் பெட்டிக்குள் இருந்தது.

மதிப்பெண் கேட்டால் பெட்டிக்கு ஐந்துக்கு நாலு, மாமனார் பெட்டிக்கு ஐந்துக்கு ஆறு, லாரி கம்பெனிக்கு ஒன்று, அதுவும் அந்த டிரைவர் கடைசியில் திவானைத் தள்ளிப்போட உதவி செய்ததற்காக. நான் வாங்கிய கடைக்கு மூன்று கொடுக்கலாம் என்றிருந்தேன். அடித்தகடு ஒரு பக்கம் இருக்க, ஒரு பெட்டியில் கொண்டியின் ரிவிட் இரண்டும் கழன்று பூட்டு சும்மா தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. இங்கே சதர் பஜாரில் ஒருவர் பத்தே நிமிஷத்தில் புது ரிவிட் அடித்துக் கொடுத்துவிட்டார். இருந்தாலும் சொல்லிவைப்போம் என்று செகந்திராபாத் கடைக்கு போன் போட்டேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், தப்பு எங்களுடையதுதான் மேடம் என்று ஒத்துக்கொண்டார், பெட்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், காசே வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன் என்றார்.