வெள்ளி முலாம் புடைப்புத் தட்டு: மின்படிவா, அச்சடியா?

பர்மிங்ஹாமில் குடியேறிய பதினோரு ஆண்டுகளில் இரண்டு பழைய அலங்காரத் தட்டுகளை வாங்கியிருக்கிறேன். இரண்டுமே வெள்ளி முலாம் பூசியவை. இரண்டிலும் கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் புடைப்புச் சிற்பங்கள். முதல் தட்டு எஃகு அச்சில் அடித்தது, விலை 45 பவுண்டு. இரண்டாவது மின்சாரத்தால் செம்பைப் படியவைத்துச் செய்த மின்படிவுத் தட்டு, விலை 380 பவுண்டு. முதல் தட்டை விற்றுவிட்டேன். இரண்டாவது முன்னறைச் சுவரில் மூன்று ஆண்டுகளாக மாட்டியிருக்கிறது. எட்டு மடங்குக்கும் மேல் விலை கொடுக்க அதில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

எந்தத் தட்டு எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அச்சடித் தட்டில் முன்னால் மேடாக இருப்பதெல்லாம் பின்னால் வழவழப்பான பள்ளமாகத் தெரியும். தகட்டை அச்சின் மேல் வைத்துச் சம்மட்டியை விழவைத்து அடித்ததால் வந்த அடையாளம் அது. மின்படிவுத் தட்டின் பின்பக்கம் அப்படி இராது. கேழ்வரகு மாவைத் தூவி ஒட்டவைத்ததுபோல் சிறு சிறு மணிகளாகச் சொரசொரக்கும், அல்லது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கி ஊற்றிச் சாம்பல் நிறத்தில் மூடியிருப்பார்கள். கையில் எடுத்தாலே கனம் வேறாகத் தெரியும்.

மின்படிவு எப்படிச் செய்யப்பட்டது என்பது எனக்குச் சலிக்காத விஷயம். மூலச் சிற்பத்தின் மேல் அச்செடுத்து, அந்த அச்சின் உட்புறத்தில் மின்சாரம் பாய்வதற்காக கிராஃபைட் தூளைப் பூசுவார்கள். பிறகு அதை மயில்துத்தக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துவார்கள். செம்பு அணு அணுவாக வந்து படிந்து ஒரு தகடாகத் தடிக்கும். அச்சை நீக்கினால் மூலத்தின் அதே முகம் செம்பில் கிடைக்கும். அதற்கு மேல்தான் வெள்ளி முலாம். மூலச் சிற்பி குத்திய புள்ளிகள், இழுத்த மயிரிழைக் கோடுகள், யாரோ எப்போதோ போட்ட கீறல்கூட அப்படியே வந்துவிடும். அச்சடியில் இது நடக்காது. அடித்த தகடு அச்சிலிருந்து கழன்று வர வேண்டும் என்பதால் உள்வளைவான குழிவுகளுக்கு அதில் இடமே இல்லை. முகங்கள் தணிந்து, வழிந்து, பலகையில் ஒட்டியதுபோல் நிற்கும்.

இந்தத் தொழிலுக்கு வேர் நான் வாழும் ஊரில்தான். ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் எல்கிங்டனும் அவருடைய உறவினர் ஹென்றி எல்கிங்டனும் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளி சீராகப் படியும் என்று கண்டுபிடித்தவர் ஜான் ரைட் என்ற பர்மிங்ஹாம் அறுவை மருத்துவர். அந்த உரிமையை எல்கிங்டன்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நியூஹால் தெருவில் அவர்களுடைய தொழிற்சாலை இருந்த இடத்தில்தான் பின்னாளில் ஊரின் அறிவியல் அருங்காட்சியகம் 1997 வரை இயங்கியது. லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்காக எல்கிங்டன் நிறுவனம் ஐரோப்பாவின் பழைய கலைப்பொருள்களை மின்படிவுப் பிரதி எடுத்தது. இன்று அந்த அருங்காட்சியகத்தின் பெயர் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். 1867 பாரிஸ் கண்காட்சியின்போது ஐரோப்பிய அரச குடும்பங்களைச் சேர்ந்த பதினைந்து இளவரசர்கள் கலைப்பொருள்களின் பிரதிகளைப் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். மூலத்தைப் பார்க்க ஊர் ஊராகப் போக முடியாத மாணவனுக்குப் பிரதியாவது போய்ச் சேர வேண்டும் என்று அன்று நினைத்தார்களே, அதனாலேயே இந்தத் தட்டுகள் மேல் எனக்கு மரியாதை.

என்னிடம் இருப்பது 'டெம்பரன்ஷியா' தட்டு. பிரான்சுவா பிரியோ 1585 வாக்கில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்த வடிவம் அது. நூரம்பெர்க்கில் காஸ்பார் எண்டர்லைன் 1611இல் அதைத் தழுவித் தானும் ஒன்று வார்த்தார். நடுக் குமிழில் தன்னடக்கம் என்ற பண்பு ஒரு பெண்ணாக அமர்ந்திருக்கிறது. அவளைச் சுற்றி நிலம், நீர், நெருப்பு, காற்று. விளிம்பில் மினர்வாவும் அவளுடைய மேற்பார்வையில் இலக்கணம், இசை, வானியல் உள்ளிட்ட ஏழு கலைகளும். தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்ப்பவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் சாம்பியன் தூக்கிக் காட்டும் தட்டு இதே வடிவம்தான். எல்கிங்டன் நிறுவனம் 1864இல் வெள்ளியில் செய்து பகுதி பகுதியாகப் பொன்முலாம் பூசியது. அதை வீனஸ் தட்டு என்று அழைக்கிறார்கள் என்றாலும் நடுவில் அமர்ந்திருப்பவள் வீனஸ் இல்லை.

விலை, கிடைக்கும் தன்மை, எடை மூன்றிலும் அச்சடிதான் கைக்கு அடக்கம். எந்தப் பழம்பொருள் சந்தையிலும் நான்கைந்து கிடக்கும். ஆணி லேசானதாக இருந்தாலும் தாங்கும். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பராமரிப்புதான் என்னை மின்படிவின் பக்கம் சாய்த்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தக வாயுக்களால். கறுத்ததைத் தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் துளி வெள்ளியும் துணியோடு போகிறது. முழு வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது பெரிய இழப்பில்லை. எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத்தான் துலக்குவார். எனக்கும் அந்தப் பழக்கம்தான். முலாம் தட்டில் இருப்பதோ மெல்லிய வெள்ளித் தோல் மட்டும். சமதளமான தாம்பாளமாக இருந்தால் தேய்மானம் எங்கும் பரவிப் போகும். புடைப்புத் தட்டில் துணி முதலில் தொடுவது மேடுகளை: மூக்கு, முழங்கால், தோள், மார்பு. சிற்பத்தின் உயிர் இருக்கும் இடங்கள் அவை. அங்கேதான் வெள்ளி முதலில் போகும்.

என் அச்சடித் தட்டுக்கு நான் செய்தது இதுதான். அதன் புடைப்பு ஆழமில்லாதது. பளபளப்பு இருந்தால்தான் எட்ட நின்று பார்க்கும்போது அதில் ஒரு தேர் ஓடுவதே தெரியும். மங்கினால் வெறும் சாம்பல் வட்டம். அதனால் மாதம் ஒருமுறை துலக்கினேன். இரண்டாம் ஆண்டு ஒரு காலையில் சன்னலோரம் எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்பல்லோவின் முகத்தில் கண்ணும் உதடும் ஒன்றாகக் கரைந்திருந்தன. கன்னத்தில் வெள்ளி போய், அடியில் இருந்த ஜெர்மன் சில்வரின் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) மஞ்சள் கலந்த சாம்பல் எட்டிப் பார்த்தது. விற்றவர் ஏற்கெனவே ஒருமுறை மறுமுலாம் போட்டதை மறைத்துத்தான் விற்றார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் மிச்சமிருந்த முகத்தை அழித்தது என் கைதான்.

மின்படிவில் நிலைமை வேறு. அதன் ஆழம் ஒளியை நம்பி இல்லை. நிழலை நம்பி இருக்கிறது. பள்ளங்களில் தங்கும் கருமைதான் உருவங்களை முன்னுக்குத் தள்ளுகிறது. தயாரித்தவர்களே பல தட்டுகளில் பள்ளங்களை வேண்டுமென்றே கறுக்கவைத்து, மேடுகளை மட்டும் துடைத்து விற்றார்கள். ஆகவே இதைத் துலக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. மங்க மங்க இன்னும் தெளிவாகிறது. நான் செய்வதெல்லாம் மாதம் ஒருமுறை நீர்வண்ணம் தீட்டும் மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதுதான். எடுக்கும்போது பருத்திக் கையுறை. சமையலறைப் பக்கம் மாட்டுவதில்லை. கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகத்தை விடுவதால் அவற்றின் மேல் வைப்பதில்லை. பின்பக்கம் ஈயப்பற்று உள்ள தட்டானால் ஓக் மர அலமாரியும் வேண்டாம்; அந்த மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும்.

சமையல் சோடா, வெந்நீர், அலுமினியத் தாள் சேர்த்துக் கறுப்பை நீக்கும் முறையை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். தேய்மானம் இல்லாத முறை என்பது உண்மை, கரண்டிக்கு நல்லது. புடைப்புத் தட்டுக்கு வேண்டாம். பள்ளத்துக் கருமையை முழுக்க வழித்துவிடும். தட்டு ஒரே வெளுப்பாகி, உருவங்கள் பின்புலத்தோடு கலந்துவிடும்.

அச்சடியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதன் அடியில் ஜெர்மன் சில்வர் இருந்தால், வெள்ளி தேய்ந்த இடம் பத்தடி தூரத்தில் தெரியாது. மின்படிவின் அடியில் செம்பு. தேய்ந்தால் சிவப்பாக, புண்போலத் தெரியும். சிறு குழந்தைகள் கை படும் வீட்டுக்கோ, விருந்துக்கு விருந்து எடுத்துப் பழம் அடுக்கி வைக்கிறவர்களுக்கோ அச்சடியே பொருந்தும்.

தேய்ந்தால் மறுமுலாம் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். தட்டையான பாத்திரத்துக்கு அது சரி. புடைப்புக்கு அதுதான் பெரிய கேடு. புது முலாம் பிடிக்க முதலில் பழைய பரப்பைச் சுழலும் சக்கரத்தில் மெருகேற்றுவார்கள். மயிரிழைக் கோடுகள் அங்கேயே போய்விடும். தொட்டியில் இறக்கினால் மின்னோட்டம் முனைப்பான மேடுகளில் குவிவதால் வெள்ளியும் அங்கே தடித்து, பள்ளத்தில் மெலிந்து படியும். போதாததற்கு, பின்புற ஈயப்பற்று குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் வாங்கும்போது புதுக் கருக்கு மாறாமல் மின்னும் தட்டைவிட, அங்கங்கே செம்பு தெரியும் மங்கிய தட்டுக்கே நான் அதிகம் கொடுப்பேன்.

முழு வெள்ளியில் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். அடியில் வேறு உலோகம் இல்லை என்பது உண்மை. ஆனால் மூக்கு அதிலும் தேயத்தான் செய்யும், விலையும் எடைக்கு எடை ஏறும். வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்ஹாம் அலுவலகத்தின் நங்கூரக் குறி இருக்கும் விக்டோரியா காலத் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி; ஒன்றை வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை. கறுக்காமல் காக்க மேலே லாக்கர் என்ற நிறமற்ற மெருகெண்ணெய் பூசுவதைப் பற்றியும் என்னால் உறுதியாகப் பேச முடியாது. சந்தையில் பார்த்த இரண்டு தட்டுகளில் அது திட்டுத்திட்டாக உரிந்து, உரிந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. அந்த இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறு டார்ச் எடுத்துப் போங்கள். ஒளியை நேராக அடிக்காமல் தட்டின் விளிம்போடு சாய்த்துப் பிடியுங்கள். இமை, விரல் இடுக்கு, துணி மடிப்பு மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தத் தட்டு அதிகம் தேய்க்கப்படவில்லை. முகம் முட்டை ஓடுபோல வழவழவென்று இருந்தால் எவ்வளவு மின்னினாலும் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு திருப்பி, முத்திரையைப் பாருங்கள். எல்கிங்டன் தட்டுகளில் நிறுவன முத்திரையோடு ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பெரும்பாலும் இருக்கும். சவுத் கென்சிங்டன் வழியாக வந்த பிரதிகளில் அரசின் கலை, அறிவியல் துறை முத்திரையையும் காணலாம்.

என் தட்டில் நடுக் குமிழின் பெண்ணுக்கு முழங்காலில் மிளகளவு செம்பு தெரிகிறது. வாங்கிய நாளிலும் அவ்வளவுதான் இருந்தது. மூன்று ஆண்டுகளில் கூடவில்லை.