மட்டக்களப்பு ரவுனில் ரெனிஸ் றக்கெற்றுக்கு ஸ்ட்ரிங் கட்டும் கடை: 'நடால் செற்றப்' கேட்கும் முன்

வேலை சுத்தம். பழைய ஸ்ட்ரிங்கை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டுகிறார்கள். ஓரத்தில் தொடங்கினால் ஃபிரேம் கோணிப்போகும். வெடித்த குரோமெற்றை (ஃபிரேம் துளைகளில் ஸ்ட்ரிங் நுழையும் பிளாஸ்ரிக் குழாயை) மாற்றாமல் கட்டுவதில்லை. கட்டிய திகதியையும் இறுக்கத்தையும் எழுதி, கைபிடிக்கு மேலே சின்னத் துண்டாக ஒட்டித் தருகிறார்கள். அருமையான பழக்கம்.

குறை ஒன்றுதான்: கேட்கும் பொடியன்மாருக்கெல்லாம் 'நடால் செற்றப்' போட்டுக்கொடுப்பது; அதாவது ரெனிஸ் வீரர் நடாலைப்போல விறைப்பான பொலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை 55 பவுண்ட் இறுக்கத்தில் கட்டுவது. தன் 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் 14ஐப் பாரிஸ் களிமண் தரையில் வென்றவர் நடால். இடக்கை ஃபோர்ஹேண்டைக் கீழிருந்து உரசி மேலே இழுத்து, தலைக்கு மேலால் றக்கெற்றைச் சுழற்றி முடித்தவர். அந்த வேகத்தில்தான் விறைப்பான பொலியெஸ்டர் வழுக்கி, சட்டெனப் பழைய இடத்துக்குத் திரும்பி, பந்தைச் சுழற்றிவிடும். 55 பவுண்ட் அவர் கைக்குச் சரியாக இருந்தது. கைவேகம் வராத 13 வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பலகை. முழங்கை நோகத் தொடங்கும்.

பிள்ளைகளுக்கு மல்டிஃபிலமென்ற் (மெல்லிய இழைகள் பல சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்), 50 பவுண்ட் என்று நீங்களே சொல்லிக் கட்டுவியுங்கள். பொலியெஸ்டர்தான் வேண்டுமென்றால் 48க்கு மேல் போகவேண்டாம். அறாவிட்டாலும் 15, 20 மணித்தியால ஆட்டத்தோடு வெட்டிவிடுங்கள்; அதற்குள் அதன் துள்ளல் செத்துவிடும். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் றக்கெற்றை விட்டால் இன்னும் கெதியாக இறுக்கம் இறங்கும்.