தப்பா வந்த ஓவர்ஸ்பீடு ஃபைன், ஆன்லைன்ல புகார் கொடுத்த அனுபவம்: 5-க்கு 3.5

ஸ்கூட்டர் நம்பருக்கு ஓவர்ஸ்பீடுன்னு மெசேஜ் வந்துச்சு, ஃபைன் 1000 ரூபா, ஸ்பீடு 104-ஆம். இந்த வண்டி 60 தொட்டாலே ஹேண்டில்பார் ஆட ஆரம்பிச்சிடும், 104-லாம் லாரில ஏத்திட்டு போனாத்தான் உண்டு.

மெசேஜ்ல இருக்குற லிங்க்க தொடாதீங்க, ஆர்டிஓ சலான்னு சொல்லி வாட்ஸ்ஆப்ல ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) அனுப்பி பேங்க் அக்கவுன்ட்டையே துடைச்சிடுறானுங்க. நேரா அரசாங்கத்தோட பரிவாகன் ஈ-சலான் (ஆன்லைன் ஃபைன் ரசீது) சைட்டுக்கு போங்க, வண்டி நம்பரும் ஆர்சி-ல இருக்குற சேசிஸ் நம்பரோட கடைசி 5 எழுத்தும் போட்டா போதும். போட்டோவ ஜூம் பண்ணி பாத்தா வெள்ளை கார்! பிளேட்ல கடைசி நம்பர் 8, நம்மளுது 3. இதுல கூத்து என்னன்னா அதே சலான்ல கீழ வண்டி விவரத்துல ஸ்கூட்டர்னு இருக்கு, மேல காரு கீழ ஸ்கூட்டரு, ஓகே பண்ண மனுஷன் எதையுமே பாக்கல போல.

அந்த சைட்லயே புகார் கொடுக்கலாம், இதுக்குத்தான் முக்கால்வாசி மார்க்கு. ஆர்சி காப்பி, வண்டிய முன்னாடி பின்னாடி எடுத்த போட்டோ, சலான் போட்டோல பிளேட் மட்டும் கட் பண்ணது, "படத்துல இருக்குறது கார், என்னோடது ஸ்கூட்டர், கடைசி எண்ணும் வேற"ன்னு ஒரு வரி. கதை எழுதாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க.

மார்க் குறைஞ்சது சலான் போட்ட ஊர் டிராஃபிக் ஆபீஸால, எந்த ஊர்னு வேணாம். என்ன ஆச்சுன்னு போன் பண்ணா "ஆயிரம் ரூபாதானே சார், கட்டிட்டு போங்களேன்"ங்குறாங்க. கட்டினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே! அப்புறம்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல இருக்குற 167ஏ ரூல காட்டி மெயில் போட்டேன். அந்த ரூல் 2021-ல வந்தது, கேமரா சலான்னா நம்பர் பிளேட் தெரியிற போட்டோ, மெஷின் அளந்த ஸ்பீடு, தேதி, நேரம், இடம், எந்த செக்ஷன் எல்லாம் இருக்கணும், நோட்டீஸ் 15 நாளுக்குள்ள அனுப்பணும், கேமராவுக்கும் வருஷா வருஷம் புதுப்பிச்ச சர்டிபிகேட் வேணும்னு சொல்லுது. அதுக்கப்புறம் கேன்சல் பண்ணிட்டாங்க, சாரின்னு ஒரு வார்த்தை கிடையாது, நானே சைட்ல போய் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

புகார்ல வேலை ஆகாம சலான் வர்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன்லயே நடக்குற கோர்ட்) போயிட்டாலும் பதறாதீங்க. அங்க ஃபைன் கட்டுறேன், கேஸ எதிர்க்கிறேன்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கும், ரெண்டாவத அமுக்கி ஓடிபி போட்டா கேஸ் அந்த ஏரியா கோர்ட்டுக்கு போயிடும். வெளியூர்னா அலைச்சல்தான், அதனால புகார்லயே முடிக்கப் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் செக்ஷன் 183-ல ஓவர்ஸ்பீடுக்கு கார், பைக்குக்கு ஃபைன் 1000-லேர்ந்து 2000 வரைக்கும், அந்த காசுக்கு ஏன் வம்புன்னுதான் நெறைய பேர் கட்டிடுறாங்க. போட்டோவையாச்சும் ஒருதடவ ஜூம் பண்ணி பாத்துட்டு கட்டுங்கப்பா.